வெடிக்குப் பயந்த சிப்பாய்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும் ‘அது எப்படி?’ என்று கேட்டுவிடுவேன். சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் இதற்காகவே என்னை வக்கீல் என்று கூப்பிட்டார்கள். ஆனால் என் அத்தை மகன் காஷ்மீர் எல்லைச் சண்டையில் இறந்து, பெட்டியில் எங்கள் ஊர் விஸ்வநத்தத்துக்கு வந்த அன்று என் வாயிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. அன்று கேள்வி கேட்டது அத்தைதான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அவனுக்கு இருபத்திரண்டு வயது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்த ராணுவத்தார் சொல்லிவிட்டார்கள். காரணத்தை மாமாவிடம் மட்டும் தனியாகச் சொன்னார்கள். அவரும் முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, பெரிய மனிதர்கள் வரிசையாக மைக்கைப் பிடித்தார்கள். பேசிய எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு குரலில் சொன்னார்கள். பட்டாசு மண்ணில் பிறந்தவனாம், வெடிச் சத்தமே அவனுக்குத் தாலாட்டாம், குண்டு மழைக்கு நடுவில் கண் இமைக்காமல் நின்றானாம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பட்டாசு செய்கிற ஊர்க்காரனுக்கு வெடி என்றால் துச்சம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது என்ன செய்யும் என்று கிட்டத்தில் பார்த்தவர்கள் நாங்கள். எங்களைவிடப் பயப்படுகிறவர்கள் யார்? அதிலும் இவன் எங்கள் குடும்பத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளி. தீபாவளி அன்று விடிவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்துவிடுவான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு சீசன் முழுக்க அத்தையோடு கம்பெனி வேனில் ஏறிப் போய்ப் பட்டாசு வேலை பார்த்தவன்தான். அந்த வருடமும் ஒரு ஓலை வெடியைக்கூடக் கொளுத்தவில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவன் கிளம்பியபோது நாங்கள் செய்த கேலி கொஞ்சநஞ்சமில்லை.

கூட்டம் கலைவதற்குள் அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்.

“ஏலே மருமகனே, இவுக சொல்றது எம்புள்ளை இல்லலே. கண்ணு இமைக்காம நின்னானாம்ல. இது யாரு பெத்த புள்ளையோ. ஆள மாத்திக் கொண்டாந்துட்டாக.”

துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தோம். மாதங்கள் போயின, அவள் மாறவில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. போட்டோவுக்கு மாலை போட விடவில்லை. எப்போதும்போல வேனேறி வேலைக்குப் போனாள், வந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் “நீங்க மூஞ்சியப் பாத்தீகளா?” என்று ஒரே கேள்வி. யார்தான் பார்த்தார்கள்? நிதானமான மனிதரான மாமாவே ஒரு நாள் என்னிடம், “ஒருவேள அவ சொல்றது மாதிரி இருக்குமோ?” என்று இழுத்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அவன் அங்கே எப்படித்தான் நின்றான்? பயம் விட்டுப்போயிருந்ததா, இல்லை பயத்தோடேயே நின்றானா? காரியாபட்டிக்காரர் ஒருவர் அவனோடு அதே எல்லைக் காவல் போஸ்டில் இருந்தவர் என்று கேள்விப்பட்டேன். அவர் லீவில் வந்ததும் ஆள் விட்டு அத்தை வீட்டுக்கு வரவழைத்தேன்.

அத்தை அவருக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மைக்கில் பேசியவர்கள் சொன்னதையே அவரும் சொன்னார். “புலிம்மா உங்க மகன். பயம்னா என்னன்னே தெரியாது.” நான் சொல்லவில்லையா என்பதுபோல் அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் கேட்டேன். “அண்ணே, அதெல்லாம் இருக்கட்டும். கிறுக்குத்தனமா ஏதாவது செஞ்சு திட்டு வாங்கியிருப்பான்ல, அதச் சொல்லுங்க.”

அவர் யோசித்தார். சிரிப்பு வந்துவிட்டது. “ஒண்ணு இருக்கு தம்பி. மேல எங்க போஸ்ட்ல குண்டுப் பெட்டி அடுக்குற பங்கர் ஒண்ணு. சுத்தியும் பனி. இவன் மட்டும் அதுக்குள்ள போறப்பல்லாம் பூட்ஸக் கழட்டி வாசல்ல வச்சுட்டுப் போவான். அந்தக் குளிர்ல, வெறும் சாக்ஸோட! குண்டைச் சாமியா நெனச்சுக் கும்பிடுறான்னு வடக்கத்தி ஆளுகளும் வாசல்ல ஒரு கும்பிடு போட ஆரம்பிச்சுட்டாங்க. சுபேதார் பாத்துட்டுக் காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சினாரு. அப்பவும் கேக்கல. பெட்டிய யாராவது தரையில இழுத்தா, தூக்குடா தூக்குடான்னு கத்துவான். தமிழ் தெரியாதவன்கிட்டயும் தமிழ்லயே கத்துவான்.”

“பயம் இருந்துச்சா?” என்றேன்.

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நடுங்குவான் தம்பி. விழுகிற ஒவ்வொரு குண்டுக்கும் நடுங்குவான். நடுங்கிக்கிட்டே பெட்டியத் தூக்கித் தூக்கிக் குடுப்பான். அத அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?”

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. பெட்டியைத் தரையில் இழுப்பதும் இல்லை. ஒரு உரசல் போதும், அறையே போய்விடும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. பட்டாசு வேலை தெரியாத காரியாபட்டிக்காரருக்கு மட்டும்தான் வேடிக்கையாக இருந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. இத்தனை மாதமாக அந்தச் சந்தேகம்தானே அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது?

அத்தை நிலைவாசலில் வந்து நின்றாள். “சாக்ஸு நனஞ்சிருக்குமே” என்றாள் அவரிடம்.

“நனையும்மா. ஸ்டவ்வுகிட்ட காயப் போடுவான்.”

“நாந்தான் சொன்னேன். மொத நாளு வேன விட்டு எறங்கினதுமே சொன்னேன். மருந்து இருக்கிற எடத்துக்குள்ள செருப்புக் காலோட நுளையாதலேன்னு.”

சிரிக்கப் போகிறவளைப் போல அவள் முகம் ஒரு கணம் கோணியது. பிறகு சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அத்தனை மாதம் வராத அழுகை அன்றைக்கு வந்தது. தப்பாக எதையோ சொல்லிவிட்டோம் என்று காரியாபட்டிக்காரர் பதறி எழுந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்தேன். எனக்கும் அழுகை வந்தது. வெகுநேரம் கழித்து, வாயைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு அவள் சொன்னாள்.

“டீக்கடையில ஒங்க மாமா இருப்பாரு. போயிக் கூட்டிட்டு வாலே. நம்ம புள்ளை செத்துப் போயிட்டான்னு சொல்லு.”