மலையின் நிறத்தில் ஆறு டி-சர்ட்

என் மகளுக்காக நான் பொறுக்கியெடுத்த அந்த டி-சர்ட்டுகளின் நிறம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காய்ந்த புல்லும் மண்ணும் கலந்தாற்போன்ற பச்சை. திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் ஷேடு பார்ப்பது என் வேலை. சாயம் ஏறி வரும் துணி, வாங்குகிறவர் அனுப்பிய மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். இருபது வருடமாக என் கண் பெரிதாகத் தப்பியதில்லை.

மகள் டெல்லியில் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் நிருபர். போர் நடக்கும் ஒரு நாட்டுக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். மெஷின் இரைச்சலுக்கு நடுவே செல்போனில் அவளைப் பார்ப்பேன். பேசுவது காதில் விழாது. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. இளைத்திருக்கிறாளா, கையில் கட்டு ஏதும் தெரிகிறதா, அவ்வளவுதான் பார்ப்பேன். ஒருநாள் அவளுக்குப் பின்னால் தெரிந்த மலையோடு படத்தை நிறுத்தி, அந்த நிறத்துக்கு நேராக ஒவ்வொரு துணித்துண்டாக வைத்துப் பார்த்தேன். மலையோடு மலையாக நின்றால் எவன் கண்ணிலும் பட மாட்டாள் என்பது என் கணக்கு. ஏற்றுமதி போக மிஞ்சியதில் அதே பச்சை கிடைத்தது. அவள் விடுமுறையில் வந்தபோது ஆறு டி-சர்ட் கொடுத்தேன். ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்கப்பா" என்று பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பிப் போய் ஒரு வாரமாகியும் அதைப் போடவில்லை. போனில் இடித்துக் காட்டினேன். "அப்பன் குடுத்தது ஆகாதாக்கும்? டெல்லிக்காரிக்குத் திருப்பூர் பனியன் எளக்காரமாப் போச்சு."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்கப்பா. நாளைக்கே போடறேன்."

மறுநாள் மாலைச் செய்தியில் தொளதொளத்த ஒரு நீலச் சட்டையில் நின்றாள். வந்த கோபத்தில் உடனே கூப்பிட்டேன். "யாரோட சட்டை கண்ணு அது?"

"கேமராக்கார அண்ணனோடதுங்கப்பா. நீங்க சாப்டீங்களா?" குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

நடந்தது எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது. அந்தக் கேமராக்காரர் என் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்; மதுரைப் பக்கத்துக்காரர். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். 'பிரஸ்' என்று எழுதிய மேலங்கிதான் அங்கே நிருபர்களுக்குக் காப்பு. படைவீரர்கள் உடுத்தும் நிறத்தில் எதையும் போடக் கூடாது; எதிராளி என்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள். அது தெரிந்தும், என் பேச்சுக்காக அன்றைக்கு அந்தப் பச்சையை மேலங்கிக்கு உள்ளே போட்டிருக்கிறாள். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் மேலங்கியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

"அம்புட்டுதான் சார். ரோட்டுல முட்டி போட வச்சுட்டாய்ங்க. நெத்திக்கு நேரா துப்பாக்கி. அரை மணி நேரம்."

"அண்ணா, சோத்தைத் தின்னுங்க. இதச் சொல்லத்தான் உங்களக் கூட்டிட்டு வந்தனா?" மகள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

அவர் விடவில்லை. "ஒங்க மக கையத் தூக்கிக்கிட்டே, காலர்ல லேபிள் இருக்கு, பாருங்கன்னுச்சு. எங்கப்பா பனியன் கம்பெனியில இருக்காரு, அவரு ஆசையாக் குடுத்ததுன்னுச்சு. அவன் இழுத்துப் பாத்தான். வெந்நீர்ல தொவைக்காதேன்னு போட்டிருந்துச்சு. சிரிச்சுட்டான் சார்."

அவரும் சிரித்தார், மகளும் சிரித்தாள். நான் கை கழுவ எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன்.

சாவடியில் விட்டதும் அவள் விடுதிக்குத் திரும்பியிருக்கலாம். வண்டிக்குள்ளேயே கேமராக்காரரின் மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குண்டு விழுந்த கிராமத்துக்கே போயிருக்கிறாள். நான் கோபப்பட்டது அங்கிருந்து அவள் கொடுத்த செய்தியைப் பார்த்துத்தான்.

போன வாரம் மறுபடியும் கிளம்பினாள். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பழைய செய்தியை முதல்முறையாகச் சத்தத்தோடு கேட்டேன். இடிந்த வீட்டின் முன்னால் ஒரு தாய், இறந்துபோன தன் மகனின் பெயரைச் சொல்கிறாள். அழுகையில் அது விளங்கவில்லை. அரை மணி நேரம் துப்பாக்கிக்கு முன்னால் மண்டியிட்டு வந்த என் மகள், மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, அவசரமே இல்லாதவள்போலக் காத்திருக்கிறாள். பிறகு மொழிபெயர்ப்பவரிடம், "பெயரை இன்னொரு முறை கேளுங்கள், நான் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது" என்கிறாள். அந்தத் தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, பிரித்துப் பிரித்துச் சொல்கிறாள்.

படத்தை அங்கே நிறுத்தி, அந்தப் பெயரை நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.