நல்ல பெயருக்கு எத்தனை வருடம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வென்ட்வேர்த்வில்லில் ஒரு செய்தி பரவ வேண்டும் என்றால் அதைப் பேர்ள் அன்ரியின் காதில் போட்டால் போதும். எண்பத்து நாலில் மன்னாரிலிருந்து வந்தவர். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை, ஞாயிறு பூசை, மடு மாதா திருவிழாவுக்குக் காசு சேர்ப்பது, மிச்ச நேரமெல்லாம் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரியான நான் பிள்ளைத்தாச்சி என்பது என் கணவருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படிப்பட்டவரைத்தான் தொண்ணூற்றாறில் ஜூரியாகக் கூப்பிட்டு, உள்ளே பேசுவதை வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொன்னார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருடைய கணவர் சுவாம்பிள்ளை அங்கிள், வீட்டில் கொஞ்ச நாளைக்காவது அமைதி இருக்கும் என்று சந்தோஷப்பட்டார்.

முதலீட்டுக் கம்பனி ஒன்றின் தலைவர்மீது வழக்கு. வீடு கட்டும் திட்டங்களில் போடுவதாகச் சொல்லி வயதானவர்களின் சேமிப்பை வாங்கி, கம்பனி மூழ்கிக்கொண்டிருந்ததைப் பொய்க் கணக்கால் மறைத்தார் என்று பேப்பரில் வந்தது. அன்ரி தினமும் சாப்பாட்டுப் பார்சலோடு றெயிலேறி நகரத்து நீதிமன்றத்துக்குப் போய் வந்தார். சமைத்துக்கொண்டே குசினி யன்னலால் நான் என்ன கேட்டாலும், மழை வரும் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னார். வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

கடைசியில் குற்றவாளி என்று ஜூரிமார் சொன்னார்கள். அன்று பின்னேரம் அன்ரி நேரே என் வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து அழுதார். பாரம் இறங்கிய அழுகை என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு. தண்டனையையும் ஜூரிமார்தான் தீர்மானிப்பார்கள் என்று மனுசி முதலிலிருந்தே நம்பியிருக்கிறார். குற்றவாளி என்று சொல்லிவிட்டு, பிறகு இரக்கத்தோடு ஒரு சின்னத் தண்டனை கொடுக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நீதிபதியோ எல்லோருக்கும் நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அந்தத் தலைவரின் மனைவி ஒரே நீலக் கோட்டோடு தினமும் வந்து பின்னால் இருந்தாராம். அந்த முகம் அன்ரியை விடவில்லை.

“அவன் செய்தவன்தான். அதிலை எனக்குச் சந்தேகமில்லை. ஆனா அந்த மனுசியை நானெல்லோ பிடிச்சுத் தள்ளிவிட்டன், பிள்ளை?”

தண்டனை சொல்லும் நாளில் ஜூரிமார் வரத் தேவையில்லை. அன்ரி வேலைக்கு லீவு போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பொதுமக்களுக்கான நீள வாங்கில் உட்கார்ந்தோம். தலைவரின் வக்கீல் எழும்பினார். இதுவரை ஒரு குற்றமும் இல்லாதவர், தேவாலயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அள்ளிக் கொடுத்தவர், மானம் போனதே பெரிய தண்டனை என்றார். ஒரு பாதிரியாரும் ஒரு டாக்டரும் கூண்டில் ஏறி அதையே சொன்னார்கள். அன்ரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாதிரியார் சொன்னபோது இன்னும் பலமாக ஆட்டினார். எனக்கோ எரிச்சல். கடையில் ரேடியோ திருடுகிற ஒரு பெடியனுக்காக எந்தப் பாதிரியார் கூண்டில் ஏறுவார்?

பிறகு நீதிபதி அவசரமில்லாமல் ஆறுதலாகத் தொடங்கினார். இந்தக் குற்றத்துக்கு இத்தனை வருடம் என்று எழுதி வைத்த வாய்ப்பாடு இல்லை, சட்டம் அதிகபட்சத்தைத்தான் சொல்கிறது, மற்றதை நிறுத்துப் பார்ப்பது தன் வேலை என்றார். எவ்வளவு காலம் ஏமாற்றினார், யாரை ஏமாற்றினார் என்று பார்த்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் குறைத்திருக்கலாம், இவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றார். பெரிய பதவியில் இருப்பவர்கள் யோசித்துத்தான் குற்றத்தில் இறங்குவார்கள், ஆகவே தண்டனை அவர்கள் காதுக்கும் எட்ட வேண்டும் என்றார். கடைசியாக நல்ல பெயருக்கு வந்தார். கார் திருடிய ஒரு இளைஞனுக்கு நல்ல பெயர் பெரிய உதவி. ஆனால் இந்தச் சனங்கள் தங்கள் சேமிப்பைக் கொடுத்ததே இவருடைய நல்ல பெயரை நம்பித்தான், அது இல்லாவிட்டால் இந்தக் குற்றமே நடந்திருக்காது, ஆகவே அதற்காக அதிகம் குறைக்க முடியாது என்றார்.

அன்ரியின் தலை அசையாமல் நின்றது. ஆறு வருடம், அதில் நாலரை வருடம் முடியுமுன் வெளியே வர முடியாது என்று தீர்ப்பு. நீலக் கோட்டுக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டார். மற்றப் பக்கத்து வாங்கில், காசைப் பறிகொடுத்து முன்பு சாட்சி சொன்ன ஒரு கிழவனும் கிழவியும் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அன்ரி இரண்டு பக்கமும் பார்த்து அழுதார்.

காலையிலிருந்து தொடாத சாப்பாட்டுப் பார்சலை வீட்டுக்குத் திரும்பும் றெயிலில் பிரித்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

“அவவை நினைக்கப் பாவமாத்தான் கிடக்கு. ஆனா நான் பிழை செய்யேல்லை,” என்றார். பரமற்றா ஸ்டேசன் வரும்போது நல்ல நித்திரை.

மடு மாதா திருவிழா முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம். சைவ சமயத்தவளான நான் அங்கே போவது அவர்கள் தரும் கட்லற்றுக்காக. திருவிழாக் காசு எல்லா வருடமும் அன்ரியின் கையில்தான். கணக்கு என்று வந்ததும், பேர்ள் அன்ரியின் கணக்கைப் பார்ப்பதே பாவம் என்று சிரித்துவிட்டு எல்லோரும் தேத்தண்ணிக்கு எழும்புவது வழக்கம். அந்த வருடமும் திருவிழாக் குழுத் தலைவர் ஜெயசிங்கம் அதையே சொல்லிவிட்டுக் கதிரையைத் தள்ளினார்.

“இருங்கோ தம்பி,” என்றார் அன்ரி. “ரெண்டு பேர் இருந்து பாத்துப்போட்டுப் போங்கோ.”

“என்ன அன்ரி, நீங்கள் நல்லவ எண்டு எங்களுக்குத் தெரியாதே?”

“அதுக்காகத்தான் பாக்கச் சொல்லுறன். கள்ளி எண்டால் என்ரை கையிலை தந்திருப்பியளே?”

ஜெயசிங்கம் மெல்லத் திரும்ப உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொருவரும் உட்கார்ந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. அவர்கள் கணக்கைப் பார்த்து முடிக்கும்வரை அன்ரி பேசிக்கொண்டே இருந்தார்.