ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து

1998ஆம் வருடம், மழைக்காலம். மைசூரில் ஹெப்பாள் பகுதியில் இருந்த ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். எந்தக் காகிதம் எந்த மேஜைக்கு எத்தனை நாளில் போக வேண்டும் என்று என்னைக் கேட்டால் போதும், விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. இதை எல்லாரும் பாராட்டாகச் சொல்கிறார்கள் என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

முந்தைய ஆண்டு முயற்சி சரிவராததால், அந்த ஆண்டு தொழிலாளர்களுக்குக் கன்னடத்தில் வாயிலில் காட்டும் அட்டையைப் புதிதாக அச்சிட்டுத் தர முடிவானது. விவரக் குறிப்பு எழுதியவன் நான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அடையாள எழுத்து. அது சரியாக ஒரே ஓர் எழுத்தாக இருக்க வேண்டும் என்று எழுதி, குழுவில் ஏழு பேரின் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். தோட்டப் பிரிவுக்கு 'தோ'. கன்னடத்திலும் தோட்டம் 'தோ'வில்தான் தொடங்கும்.

அட்டை அச்சிடும் கணினி நிரலை எழுத ஒரு பெண் ஒப்பந்தத்தில் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அவரும் ஒரு தோழியும் மட்டுமே சேர்ந்து நடத்திய சிறிய நிறுவனம் அது. எங்கள் சான்றிதழ் கிடைத்தால்தான் வேறொரு பெரிய அலுவலகம் அவர்களுக்கு வேலை தரும். வெள்ளிக்கிழமை சோதனை. அதில் தவறினால் ஒப்பந்தம் ரத்து, கோப்பில் ஒரு கரும்புள்ளி. விதி அப்படி. அதையும் எழுதியவன் நானே.

திங்கட்கிழமை காலை அவர் என் மேஜைக்கு வந்து, மற்றப் பிரிவுகள் எல்லாம் ஓடுகின்றன, தோட்டப் பிரிவு மட்டும் ஓட மறுக்கிறது என்றார். அவர் எழுதிக்கொண்டிருந்தது அப்போது புதிதாக வந்திருந்த ஒரு கணினி மொழி. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் வைத்திருக்கும் யூனிகோடு முறையை அது ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த மொழியில் ஒற்றை மேற்கோளுக்குள் ஓர் எழுத்தை மட்டுமே வைக்கலாம். நமக்குத் 'தோ' ஓர் எழுத்து. அந்த முறையிலோ 'த' தனி எண், அதோடு ஒட்டும் குறி தனி எண். இரண்டைக் கண்டதும் பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது. மற்றப் பிரிவுகளுக்குக் குறி ஒட்டாத எழுத்துகள் வாய்த்திருந்ததால் தப்பித்தன.

"ஏம்மா, ஒண்ணை ரெண்டுன்னு எண்ணுற இயந்திரத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றேன்.

இரட்டை மேற்கோள் போட்டு அதைச் சொல்லாக வைத்துக்கொண்டால் எத்தனை குறி ஒட்டினாலும் தாங்கும் என்றார். ஆனால் குறிப்பில் 'ஒரே எழுத்து' என்று இருப்பதால் என் அனுமதி வேண்டும். குறிப்பைத் திருத்தக் குழு கூட வேண்டும், குழு அடுத்த மாதம்தான் கூடும் என்றேன். அவர் கையிலிருந்த அச்சுத்தாளை என் மேஜையில் வைத்தார்.

"போன வருஷம் இதே வேலைய வேற ஒருத்தர் பழைய மொழியில செஞ்சாரல்லா சார், அது ரெண்டையும் ஒண்ணா முழுங்கிட்டு, வாய்க்கு வந்தத அச்சடிச்சுது. இது முழுங்க மாட்டேங்குது. இது எவ்வளவோ தேவல சார்."

போன வருடத் தோட்டப் பிரிவு அட்டைகள் எனக்கு நினைவிருந்தன. புரியாத குறிகளோடு வந்த அவற்றைக் காவலர்கள் வாயிலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோப்பில் 'இயக்குபவரின் கவனக்குறைவு' என்று பச்சை மையில் எழுதியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

புதன்கிழமை, தோட்டத்தில் வேலை செய்த, தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் அட்டைக்கான விண்ணப்பத்தோடு வந்தார். இரண்டு முறை சிவப்பு மையில் 'ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து' என்று எழுதித் திருப்பியிருந்தேன். மூன்றாம் முறையும் அதே கதை. கன்னட எழுத்து ஒரு கட்டத்தில், அதில் ஒட்டும் குறியின் வால் அடுத்த கட்டத்தில்.

"எத்தனை தரம்மா சொல்றது?"

"நானும் பாத்துட்டனுங்க சார். ரெண்டயும் ஒரே கட்டத்துல திணிச்சா எடம் பத்த மாட்டீங்குது. கட்டத்தக் கொஞ்சம் பெருசாப் போட்டிருந்தீங்கன்னா நா ஏனுங்க வெளிய போறேன்?"

பக்கத்து மேஜையில் இருந்த நிரலாளர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். "நோடி, பாருங்க சார், என் மெஷின் மூணு நாளா இதத்தான் சொல்லுது. அதுக்கு இவங்க மாதிரி சொல்லத் தெரியல."

அலமாரியைத் திறந்து, திருப்பி அனுப்புவதற்காகக் கட்டி வைத்திருந்த விண்ணப்பங்களை எடுத்தேன். கிட்டத்தட்ட எல்லாம் அதே தவறு. அளவுகோலை எடுத்துக் கட்டத்தை அளந்தேன். பிறகு பழைய ஆங்கில விண்ணப்பம் ஒன்றைத் தேடி எடுத்து அதன் கட்டத்தையும் அளந்தேன். இரண்டும் ஒன்றே. பல வருடங்களுக்கு முன் ஆங்கிலப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, தலைப்புகளை மட்டும் கன்னடமாக்கி, கட்டங்களை அப்படியே விட்டிருந்தேன். கொம்பும் காலும் வாலும் இல்லாத எழுத்துக்கு வெட்டிய சட்டையை எல்லாருக்கும் மாட்டிவிட்டு, பொருந்தவில்லை என்று ஆளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதே கட்டத்தைத்தான் விவரக் குறிப்பிலும் 'ஒரே எழுத்து' என்று எழுதியிருந்தேன்.

விதிகளைத் தெரிந்து வைத்திருப்பதில் ஒரு நன்மை உண்டு. ஒரு குறிப்பில் உள்ள பிழை அதை எழுதிய அதிகாரியின் பிழை என்றால், அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டு திருத்தாணை வெளியிடலாம், குழு தேவையில்லை. இந்த விதி எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். என் பணிக்காலத்தில் மற்றவர்களுக்கு அப்படிப்பட்ட ஆணைகளை நிறையவே தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். என் பெயரில் ஒன்றுகூட இல்லை. அந்த இடம் காலியாக இருப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

வியாழக்கிழமை என் பெயரில் ஒரு திருத்தாணை எழுதிக் கையெழுத்திட்டேன். 'அடையாள எழுத்துக்கான இடத்தைத் தவறாகக் கணித்தது என் பிழை' என்ற வரியை எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. நிரலாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, எனக்கு ஒரு காப்பி வாங்கி வந்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை சோதனை மதியத்துக்குள் முடிந்தது. சான்றிதழை அன்றே தட்டச்சு செய்து கையில் கொடுத்தேன்; வழக்கமாக அதற்குப் பத்து நாள். முதல் அட்டை தோட்டப் பிரிவுக்கு அச்சானது. ஹனூர் அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பறம் அந்த ஃபாரத்த மறுக்கா எழுதோணுங்களா சார்?" என்று கேட்டார். வேண்டாம், நான்தான் எழுத வேண்டும் என்றேன்.

அடுத்த மாதம் புதுப் படிவம் வந்தது, அகலமான கட்டங்களோடு. நான் ஓய்வு பெற்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்றும் யாராவது எழுதியது கட்டத்தைத் தாண்டிப் போயிருப்பதைப் பார்த்தால், ஆளைப் பார்ப்பதற்கு முன் கட்டத்தை அளந்து பார்க்கிறேன்.