பச்சைப் புள்ளி இல்லாத ஊசி

மர்பி டவுன் கிளினிக்கில் ஊசி போடும் நர்சம்மா ஒல்லியானவள், கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருப்பாள். "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேட்டு, நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் குத்திவிடுவாள்.

போன மழைக்காலத்தில் சளிக்காய்ச்சல் வந்து எனக்கு மூச்சே முட்டிவிட்டது. இந்த வருஷம் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும் என்றார் டாக்டர். நானோ முருகனுக்கு மாலை போட்டு முட்டையை விட்டவள். படிக்கத் தெரியாவிட்டாலும் பிஸ்கட்டைக்கூடச் சைவத்துக்கான பச்சைப் புள்ளி பார்த்துத்தான் வாங்குவேன்.

"மருந்து டப்பாவுல பச்சைப் புள்ளி இருக்குதா பாரு," என்றேன், நர்சம்மா முன்னால் உட்கார்ந்ததும்.

அவள் சிரிக்காமல் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புள்ளியே இல்ல ஆயா. ஆனா இது முட்டையில வளத்த மருந்து. போட்டுக்கறதும் வேணாங்கறதும் உங்க இஷ்டம்."

"அதை ஏன்டி சொன்ன? சொல்லாம குத்தியிருந்தா பாவம் உன்னோட போயிருக்கும்!"

"அதான் சொல்லிட்டேன்."

வேண்டாம் என்று எழுந்தேன்.

"சரி ஆயா. இன்னிக்கு என்ன குழம்பு?"

சட்டென்று கையை முந்தானையால் மூடிக்கொண்டேன். அவள் வெறுங்கையை விரித்துக் காட்டினாள். "ஊசி ட்ரேயில இருக்கு. பசியில நிஜமாவே கேக்கறேன்."

இவள் ஏமாற்றமாட்டாள் என்று தோன்றியது. திரும்ப உட்கார்ந்தேன். "முருகன்கிட்ட நான் பேசிக்கறேன், போடு," என்று கையை நீட்டினேன். "கீரைக் குழம்பு..."

முடிந்துவிட்டது.

அவ்வளவு பசி என்றவள், எந்தக் கீரை என்று இன்றுவரை கேட்கவில்லை.