பின்னால் ஆள் ஏறினால் நிற்கும் வண்டி

காலை ஏழரை மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து புறப்பட்டோம். புதூருக்கு விளாத்திகுளம் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். வண்டி, முந்தின வாரம் கைமாறி வந்த பழைய மோட்டார் சைக்கிள். பின்னால் என் மனைவி ஷமீமா. புதூர்ப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. சேர அன்றுதான் கடைசி நாள். பகல் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

தினமும் காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து என் பிளாஸ்டிக் சாமான் கடையைத் திறப்பேன், சாயங்காலம் போய் அழைத்து வருவேன். இது என் ஏற்பாடு.

"ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் வருது மச்சான். கடைய எப்பத் தொறப்பீங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். வண்டி வாங்கிய ஜோரில் இருந்தேன்.

எட்டயபுரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் இன்ஜின் நின்றது. இருமலும் இல்லை, திணறலும் இல்லை; சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. இருவரும் இறங்கினோம். உதைத்தேன், உடனே பிடித்துக்கொண்டது. அவள் ஏறினாள், கிளம்பினோம். அடுத்த பள்ளத்தில் மறுபடியும் நின்றது.

எட்டே காலுக்கு எட்டயபுரத்தில் ஒரு மெக்கானிக் கடை திறந்திருந்தது. அவர் பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து உதைத்துக் காட்டினார். பொறி நீலமாகப் பளிச்சென்று விழுந்தது. ஃபியூஸைப் பார்த்தார், பேட்டரி முனையைச் சுரண்டி முறுக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று நூற்றிருபது ரூபாய்க்குப் புது பிளக் போட்டார். பிறகு தானே ஏறி ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"பாய், வண்டியில ஒரு கொறையும் இல்ல. நீங்கதான் கிளச்ச விடத் தெரியாம விடுதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவன் நான். ஆனால் அவரோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை.

விளாத்திகுளம் போய்ச் சேர்வதற்குள் ஐந்து முறை நின்றது. ஒவ்வொரு முறையும் ஷமீமா மணியைப் பார்த்தாள், நான் பெட்ரோல் டேங்கைத் திறந்து பார்த்தேன். அங்கே இன்னொரு மெக்கானிக். இவர் பிளக் மூடியை மாற்றி, இக்னிஷன் காயில் வயரை ஆட்டிப் பார்த்துவிட்டு, எட்டயபுரத்துக்காரரைப் போலத் தனியாகவே ஓட்டிப் பார்த்தார். வண்டி சமத்தாக ஓடியது.

"மதினி ஏறினாத்தான் நிக்கிதுன்னு சொல்லுதீங்க. வண்டிக்கு மதினியப் பிடிக்கல போல" என்று சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். ஷமீமா சிரிக்கவில்லை. ஏதோ யோசனையில் இருந்தாள். மணி பத்தைத் தாண்டியிருந்தது. புதூர் பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பதினெட்டு கிலோமீட்டர்தானே, உருட்டியாவது போய்விடலாம் என்று கிளம்பினேன்.

நாகலாபுரத்துக்கு முன்னால், இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல். மழை வந்ததும் விதைக்கக் காத்திருக்கிற காடு. ஒதுங்க நிழலில்லை. அங்கே வண்டி நின்றது. ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கம்பைத் தோளில் போட்டபடி வந்தார்.

"பெட்ரோல்ல தண்ணி கெடக்கும் பாய்."

"இல்ல அண்ணாச்சி, பாத்தாச்சி" என்றேன்.

ஷமீமா என்னைப் பார்த்தாள். "மச்சான், நான் எறங்கினா ஓடுது. ஏறினா நிக்கிது. ரெண்டு மெக்கானிக்கும் தனியாத்தான ஓட்டிப் பாத்தாவ? அந்தச் சீட்டக் கழத்துங்க."

கழற்றினேன். பின்பக்கம் உட்காருகிற இடத்துக்கு நேர் கீழே, சட்டத்தை ஒட்டிப் போகும் வயர்க் கட்டு ஓரிடத்தில் நசுங்கி, உறை தேய்ந்து, செம்பு தெரிந்தது. அதைச் சுற்றிச் சட்டத்தில் பெயின்ட்டே இல்லை. ஆட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"இது குழை கட்டுன வண்டில்லா" என்றார்.

எனக்கு வண்டியை விற்றவரும் ஆடு வளர்ப்பவர்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. ஆட்டுத் தீனிக்கு இலையோடு ஒடித்த வேப்பங்குழையும் கருவேலங்காயும் மலைபோல் ஏற்றி, சரியாமல் இருக்கக் கயிற்றைச் சீட்டுக்கு அடியில் விட்டு, சட்டத்தோடு சேர்த்து, காலை ஊன்றி இழுத்துக் கட்டுவார்களாம். எங்கள் வண்டியில் அந்த இழுப்பு வருடக்கணக்காக வயரின் மேல் விழுந்திருக்கிறது. இப்போது பின்னால் ஆள் உட்கார்ந்து பள்ளத்தில் குதித்தால் சீட்டு அமுங்கி, செம்பு சட்டத்தில் படுகிறது, பொறி செத்துப்போகிறது.

"நாங்க எல்லாரும் அப்பிடித்தான் கட்டுதோம். குழைமேல ஆளு உக்காருறதில்லல்லா, அதான் தெரியல" என்றார் ஆட்டுக்காரர்.

டேப் இல்லை. பிளாஸ்டிக் பையைக் கிழித்துச் சுற்றினோம். நூறு அடி ஓடி நின்றது. மணி பதினொன்று. வேலை கையை விட்டுப் போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. நாளைக்கு யாரிடம் என்ன சொல்லிக் கெஞ்சலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஷமீமா முக்காட்டை இறுக்கிக் கட்டி, என் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"இது கியர் வண்டி ஷமீமா."

"கயத்தாத்துல வாப்பா கடைச் சரக்க லாரி நிக்கிற ஓட்டலுக்கெல்லாம் கியர் வண்டியிலதான கொண்டுபோய்ப் போட்டேன்? லைசென்ஸ் பைக்குள்ள இருக்கு. நான் போறேன். நீங்க பஸ்ஸுல வாங்க."

கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது. ஏனோ காலையிலிருந்து ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. அவள் கிளச்சை விட்ட விதத்தை எட்டயபுரம் மெக்கானிக் பார்த்திருக்க வேண்டும். வண்டி கண்ணுக்கு மறையும்வரை நிற்காமல் போயிற்று.

அடுத்த முக்கால் மணி நேரம் இருந்த இருப்பை என்னவென்று சொல்ல? பயமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். "ஒரு எடத்துல நில்லுங்க பாய், ஆடு மெரளுது" என்றார் ஆட்டுக்காரர்.

பஸ் பதினொன்றே முக்காலுக்கு வந்தது. புதூரில் நான் இறங்கியபோது பன்னிரண்டே கால். ஷமீமா டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"அரை மணிக்கு முன்னயே கையெழுத்துப் போட்டாச்சி. டீ சொல்லட்டா?"

சாயங்காலம் அவள் வண்டியில் கிளம்பினாள், நான் பஸ்ஸில் கிளம்பினேன். எட்டயபுரம் தாண்டியதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்; பஸ்ஸை முந்திக்கொண்டு போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. கோவில்பட்டியில் இறங்கி, இருபது ரூபாய்க்கு இன்சுலேஷன் டேப் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"நல்லாச் சுத்திவிட்டுருதேன். நாளையிலருந்து ரெண்டு பேரும் போவலாம், நிக்காது" என்றேன்.

"நின்னா நிக்கட்டும். நான் தனியாத்தான போறேன். நீங்க போயி நேரத்துக்குக் கடையத் தொறங்க."