எங்கட ஆவுளியா, ஒங்கட ஆவுளியா

கற்பிட்டிக் களப்பில் ஆவுளியா என்கிற கடற்பசுவைத் தேடி இரண்டு ஆய்வு நிறுவனங்கள் படகு விட்டன. ஒன்றில் நான் படம் எடுத்தேன், மற்றதில் என் நண்பன். படங்களை வெளியே காட்டக் கூடாது என்று இரண்டு இடத்திலும் கட்டளை. முட்டாள் கட்டளை. களப்பு என்ன அவர்களின் வாப்பா வீட்டுச் சொத்தா?

படத்தைத்தான் காட்டவில்லை, வாயை யார் கட்டுவது? தேநீர்க்கடையில் பாணும் சம்பலும் தின்றபடி பீற்றிக்கொள்வோம்.

"எங்கட ஆவுளியா இண்டைக்கும் வந்திச்சி மச்சான். ஒங்கட எங்க, மெலிஞ்சி செத்துப் போச்சா?"

"போடா, எங்கடது ஒங்கடத விடக் கொழுப்பு!"

களப்பில் குறைந்தது இரண்டு இருக்கின்றன என்று நிம்மதியாக வீட்டுக்குப் போன காலம் அது.

போன வருடம் இரண்டு நிறுவனத்துப் பெரியவர்களும் ஒருவழியாகத் தரவுகளைப் பகிர ஒப்புக்கொண்டார்கள். புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் எங்கள் படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். எல்லாவற்றிலும் வாலின் ஓரத்தில் ஒரே வெட்டு. படகு என்ஜின் விசிறி பட்ட காயம்.

"மச்சான், ஒண்டுதானா?" என்றான் நண்பன்.

எனக்குக் கோபம்தான் வந்தது. முதலிலேயே காட்ட விட்டிருந்தால், அது மேய்கிற கடற்புல் திட்டில் வலை போடுவதை அப்போதே நிறுத்தக் கேட்டிருக்கலாம். இப்போதுதான் கேட்டிருக்கிறோம்.

இன்று படம் எடுத்த கையோடு ஒருவருக்கொருவர் அனுப்பிவிடுகிறோம். தேநீர்க்கடையில் "நம்மட ஆவுளியா" என்கிறான் அவன். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அவனோடு பழையபடி சண்டை பிடிக்க இன்னொரு ஆவுளியா வேண்டும்.