பதினான்காம் எண்ணின் ஐந்தாவது ஃபவுல்

போன வாரம் ஷார்ஜாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஹைப்பர் மார்க்கெட்டில் ஒரு கம்பிக் கூண்டு நிறையக் கூடைப்பந்துகளைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தேன். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்தும் பார்த்தேன். புது ரப்பர் வாசனை. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவர், பந்தைத் தொடாமலே, "காத்துக் கம்மியா இருக்குது அம்மிணி" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்குப் பந்தில் காற்று எவ்வளவு இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே நான். வெங்காயம் எடுக்கும் வரைக்கும் அவரோடு பேசவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் கல்லூரிக் காலத்தில் நான் கூடைப்பந்து அணியில் இருந்தேன். உயரம் இல்லாததால் பந்தை முன்னே கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. சிமென்ட் தரை. மதியம் மூன்று மணிக்கு வெறுங்காலை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடும். பல்கலைக்கழக அணிக்கு ஒரு வருடம் ஆடினேன், அடுத்த வருடம் கல்யாணம். மாப்பிள்ளை பொள்ளாச்சிக்காரர், பஹ்ரைனில் வேலை, கம்ப்யூட்டர் தெரிந்தவர். விளையாட்டு என்றால் அவருக்குக் கேரம் போர்டு. அதிலும் சிவப்புக் காயைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே இன்னொன்றைப் போட மறந்துவிடுகிற ஆள்.

பஹ்ரைனில் மனாமா நகரத்தில், குதைபியா என்ற பகுதியில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். கீழே ரொட்டிக்கடை. சாயங்காலம் ஆனால் குப்பூஸ் ரொட்டி வாசனை படியேறி வந்து எங்கள் வீட்டு ரசத்தோடு கலந்துகொள்ளும். வந்த புதிதில் டிவியைத் திருகிக்கொண்டிருந்தபோது திடீரென்று கூடைப்பந்து வந்தது. உள்ளூர் லீக். அரபியில் வர்ணனை. பளபளவென்று மரத்தரை. ஒவ்வொரு கிளப்பிலும் சம்பளத்துக்கு ஆட ஒரு அமெரிக்கர். நான் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சீசன். என் கணவரின் கம்பெனி மேனேஜர் அபு காலித், அதில் ஒரு கிளப்பின் நிர்வாகி. மேட்ச் நடக்கும்போது யார் எத்தனை பாயிண்ட், யார் எத்தனை ரீபவுண்ட் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு லீக் கமிட்டிக்கு ஆள் தேவைப்பட்டதாம். "மிஸ்டர் மணி செய்வார்" என்று அபு காலித் சொல்லிவிட்டார். மிஸ்டர் மணி வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "அம்மிணி, ரீபவுண்டுன்னா என்ன?"

சொல்லிக்கொடுத்தேன். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பினால் பிடிப்பது ரீபவுண்ட். ஐந்து ஃபவுல் ஆனால் ஆள் வெளியே. அப்போதெல்லாம் ஆட்டக்காரர்களின் எண் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடிந்துவிடும். நடுவர் விரலாலேயே எண்ணைக் காட்டுவார். மூடிய கை பத்து, மற்றக் கையில் மிச்சம். சாப்பாட்டு மேசைமேல் தக்காளிகளை ஆட்டக்காரர்களாக நிறுத்தி நடத்திய பாடம் அது. அவர் நல்ல மாணவர். அதுதான் பிரச்சினை. இரண்டே மாதத்தில் ஸ்கோர் ஷீட் எழுதும் ஆள் விடுப்பில் போக, அந்த நாற்காலியும் இவருக்கே வந்தது. கிளப் நிர்வாகியின் ஆளே ஷீட் எழுதுவதா என்று அப்போதே சிலர் முணுமுணுத்ததுண்டு. ஆனால் இவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

டிவியில் அவர் முகம் அவ்வப்போது தெரியும். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே மேசை. ஐந்து பெரிய எண் அட்டைகள். ஃபவுல் ஆனால், அந்த ஆளுக்கு அது எத்தனையாவது ஃபவுலோ அந்த எண் அட்டையை இவர் தூக்கிக் காட்டுவார், மொத்த ஹாலும் பார்க்கும். எனக்கு வயிறு எரியும். சும்மா சொல்லவில்லை, நெஞ்சுக்குக் கீழே உண்மையாகவே ஒரு காந்தல். பால் குடித்துப் பார்த்தேன், போகவில்லை. என் கணவர் வேறொரு பெண்ணோடு சிரித்துப் பேசியிருந்தால்கூட அப்படி எரிந்திருக்காது.

பெண்கள் அங்கே போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவர் கூப்பிடவில்லை, நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டால் ஆசை தெரிந்துவிடுமே.

அதனால் நானும் ஒரு நோட்டு வாங்கினேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, டிவியைப் பார்த்து ஒவ்வொரு மேட்சுக்கும் ஸ்கோர் ஷீட் எழுதினேன். அவர் வருவதற்குள் அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். அவர் வந்து அன்றைக்கு நடந்ததை எனக்கு விளக்குவார். "பதினாலாம் நம்பர் இன்னிக்கு என்னமா ஆடுனான் தெரியுமா?" என்பார். எனக்குத் தெரியும் சாமி, அவன் இரண்டாவது பாதியில் பிடித்த ரீபவுண்ட் எத்தனை என்றுகூடத் தெரியும். உம் கொட்டிக்கொண்டே சட்னி அரைப்பேன்.

பதினான்கு என்பது அபு காலித் கிளப்பின் அமெரிக்கர். மொட்டைத்தலை, நீளக்கை. ஃப்ரீ த்ரோ போடும் முன் பந்தை மூன்று முறை தட்டுவார். அவரால்தான் அந்தக் கிளப் இறுதி ஆட்டம் வரை வந்தது.

இறுதி ஆட்டம் ஒரு புதன்கிழமை சாயங்காலம். இடைவேளையில் பதினான்குக்கு மூன்று ஃபவுல். என் நோட்டிலும் மூன்று. இரண்டாவது பாதியில் நாலாவது. நடுவர் மேசைக்கு ஓடிவந்து ஒரு கையை மூடி, மறு கையில் நாலு விரலைக் காட்டினார். டிவியில் நேராகத் தெரிந்தது. மேசையில் இவர் தூக்கியது இரண்டு என்ற அட்டை. ஒரு கணம் குழம்பிப்போனேன். அப்புறம் புரிந்தது. பக்கவாட்டில் பார்த்தவருக்கு விரல் மூன்றாகத் தெரிந்திருக்கிறது. ஃபவுலைப் பதின்மூன்றாம் எண்ணுக்கு இரண்டாவதாக எழுதிவிட்டார்.

முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது பதினான்கு மறுபடி ஒரு ஃபவுல் செய்தார். என் கணக்கில் ஐந்து, அவர் வெளியே போகவேண்டும். இவர் நாலு என்ற அட்டையைத் தூக்கினார். எதிர்ப்பக்க பெஞ்சில் எல்லாரும் எழுந்து கத்தினார்கள், மேசையைக் காட்டினார்கள். நடுவர் ஷீட்டைப் பார்த்துவிட்டு, நாலுதான் என்று தலையாட்டினார். ஸ்கோர் மேசைமேல் ஒரு போன் உண்டு; என்றைக்கோ எங்கள் வீட்டுக் குழாய் உடைந்தபோது அதில் இவரைக் கூப்பிட்டதால் நம்பர் எனக்கு மனப்பாடம். ரிசீவரை எடுத்தேன். நாலு எண் சுற்றினேன்.

அப்போது காமிரா அவர் முகத்தைக் காட்டியது. எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்! மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, பிறந்ததிலிருந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பவர் மாதிரி. எழுதட்டும், தப்பாகவே எழுதட்டும் என்று தோன்றியது. ரிசீவரை வைத்துவிட்டேன்.

கடைசிக் கூடையைப் போட்டது பதினான்குதான். ஒரே ஒரு பாயிண்டில் அபு காலித் கிளப் ஜெயித்தது.

மறுநாள் எதிர்க்கிளப் வீடியோவோடு கமிட்டிக்குப் போனது. விரல் நாலு என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. தவறு என்று யாரும் சொல்லவில்லை. மேனேஜருக்காக மணி வேண்டுமென்றே எழுதினார் என்றார்கள். ஆளை ஊருக்கு அனுப்பு என்றுகூடச் சிலர் சொன்னார்களாம். விசா அபு காலித் கம்பெனியுடையது. பாஸ்போர்ட்டும் அவர்களிடம்தான். சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது, வந்து பதில் சொல் என்று தகவல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை. லீவு நாள். இட்லி ஆறிப்போய்க் கிடந்தது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு விரலை நீட்டுவதும் திருப்பிப் பார்ப்பதுமாக இருந்தார்.

"என்ற கண்ணுக்கு மூணுதான் தெரிஞ்சுது அம்மிணி. நீ டிவில பாத்தியே, எத்தனை?"

"நாலுங்க."

"எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியுமுங்க."

அவர் கேட்பதற்கு முன்னால் போய் அரிசி டப்பாவை நகர்த்தி நோட்டை எடுத்து வந்து வைத்தேன். போனை எடுத்ததையும் வைத்ததையும் சொன்னேன். ஏன் வைத்தேன் என்பதையும் சொன்னேன். பொறாமை என்ற சொல்லை வாயால் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் திட்டவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு மேட்சாகத் திருப்பினார். தொழுகைக்குப் போன கூட்டம் திரும்பித் தெரு மறுபடி நிறையும் வரைக்கும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"என்ற ஷீட்டை விடச் சுத்தமா இருக்குது" என்றார். அப்புறம் மெதுவாக, "ஒரு போன் பண்ணியிருக்கலாம் நீ" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

சனிக்கிழமை அந்த நோட்டைத்தான் கமிட்டிக்கு எடுத்துப் போனார். சீசன் முழுக்க இவர் எழுதிய ஷீட்டுகளையும் என் நோட்டையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார்களாம். நான்கே இடத்தில் வித்தியாசம். அதில் மூன்று தப்பு என்னுடையது. வர்ணனையாளர் அரபியில் கத்திய வேகத்தில் எனக்குப் பிசகியிருக்கிறது. மிச்சம் ஒன்றுதான் இவருடையது. வேண்டுமென்று செய்கிறவன் சீசன் முழுக்க ஒரே ஒரு விரலிலா செய்வான் என்று கமிட்டி ஒத்துக்கொண்டது. வேலைக்கும் விசாவுக்கும் ஆபத்தில்லை. மேசை நாற்காலி மட்டும் போயிற்று. ஆட்டத்தை மறுபடி நடத்த முடிவாயிற்று.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நோட்டு யாருதுன்னு கேட்டாங்க. ஃப்ரெண்டு ஒருத்தர் எழுதுனதுன்னு சொல்லிட்டேன்" என்றார். அந்த ஃப்ரெண்டை அடுத்த சீசனுக்கு மேசைக்கு வரச்சொல்லியிருக்கிறார்களாம்.

இல்லாத அந்த நண்பர்மேல் எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, அதற்கு முன்னால் கணவர்மேல் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. குற்றம் செய்தவள் நான்தான், கோபப்பட எனக்கு உரிமையே இல்லை. ஆனாலும் கோபப்பட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் அபு காலித்தின் அறைக்குப் போய், அது தன் மனைவி எழுதியது என்று சொல்லியிருக்கிறார். அபு காலித் மறு ஆட்டத்துக்கு இரண்டு பாஸ் எடுத்துக் கொடுத்தாராம். நாற்காலியைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை.

போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன் என்றால் சிரிக்காதீர்கள், என்ன கட்டுவது என்று தெரியவில்லை. டிவியில் சின்னதாகத் தெரிந்த ஹால் பெரிதாக இருந்தது. மரத்தரையில் ஷூ கிறீச்சிடும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. மேசையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் உட்கார்ந்து அட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார். என்னைவிடச் சுறுசுறுப்பு. அவர்மேலும் பொறாமைப்பட்டேன். பக்கத்தில் என் கணவரைப் பார்த்தால், அவரும் அதே பிலிப்பைன்ஸ்காரரை அதே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்ததாகத் தோன்றியது. பதினான்கு ஐந்து ஃபவுலோடு வெளியேறினார். அபு காலித் கிளப் தோற்றது.

அடுத்த சீசன் தொடங்குவதற்குள் இவருக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்து நாங்கள் வந்துவிட்டோம். நான் எந்த மேசையிலும் உட்காரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக மனாமா போயிருந்தோம். அந்த ஹால் இல்லை. இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடமாக்கியிருக்கிறார்கள். "ஹால் மாஃபி, கலாஸ்" என்றார் டாக்சிக்காரர். ஹால் இல்லை, முடிந்துபோனது. எங்கள் பழைய கட்டிடத்துக்குக் கீழே ரொட்டிக்கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. அபு காலித் இறந்து பல வருடம். அவருடைய கிளப் இன்னொரு கிளப்போடு சேர்ந்து பேரும் மாறிவிட்டது. பதினான்கு எந்த ஊருக்குத் திரும்பிப்போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஷீட்டைத் திரையில் தொட்டுத்தான் எழுதுகிறார்கள்.

திரும்பும் விமானத்தில், அந்த மறு ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று ஞாபகம் இருக்கிறதா என்று அவரைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். மறந்துவிட்டது என்றார்.

அறுபத்தெட்டு, அறுபத்தைந்து.